பழைய கணிப்பொறியும் புதிய விளையாட்டும்

மாதுங்கா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மேசைக் கணிப்பொறி ஒன்று உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கியதாகவோ, அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டியதை மலிவாக எடுத்ததாகவோ அஃது இருக்கும். இன்று பையன், "இதில் விளையாட்டு ஓடவில்லை" என்கிறான். தகப்பனாரோ, "புதிது வாங்க வகையில்லை" என்கிறார். இருவர் கூற்றும் மெய்யே. ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அவ்வழியில் எங்கே பணம் பயன்படும், எங்கே பாழாகும் என்பதை அறிந்தே கடைத்தெருவுக்குப் புறப்படுதல் வேண்டும்.

முதற்கண் பெட்டிக்குள் இருப்பது யாதெனத் தெரிந்துகொள்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் செயலியின் பெயரும் நினைவகத்தின் அளவும் தெரியும். இன்டெல் செயலியாயின் பெயரை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-4570 என்பது நான்காம் தலைமுறை. ஐ5-8400 என்பது எட்டாம் தலைமுறை. இந்த எண்ணையும் மதர்போர்டின் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளாமல் கடைக்குச் செல்பவர், கடைக்காரர் விற்க விரும்புவதையே வாங்கித் திரும்புவார்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவது முதல் வேலை. பழைய வட்டு நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை படித்தால், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 500 மெகாபைட் படிக்கும். விளையாட்டுத் திறக்கக் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் திரையில் ஓடும் காட்சியின் வேகம் இதனால் உயராது. அடுத்தது நினைவகம். 8 ஜிபி குறைந்த அளவு, 16 இருப்பின் நலம். ஒரே பட்டையாக வாங்காமல் ஒத்த இரு பட்டைகளாகப் போடுவது வேகத்துக்கு உதவும். டிடிஆர்3 பட்டை டிடிஆர்4 இடத்தில் பொருந்தாது என்பதையும் நினைவிற்கொள்க. செயற்கை அறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால் 2025-ஆம் ஆண்டின் இறுதியில் இவற்றின் விலை கடுமையாக ஏறியது. ஆகவே பயன்படுத்திய பட்டைகளை விசாரிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

விளையாட்டுக்கு உயிர்நாடி கிராபிக்ஸ் கார்டே. கையிலுள்ள தொகையில் ஏறக்குறைய பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மதர்போர்டிலுள்ள துளைவழி இந்த அட்டைக்குக் கிடைக்கும் மின்சாரம் 75 வாட் மட்டுமே. 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ, 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 ஆகியவற்றில் பல மாதிரிகள் அந்த அளவுக்குள் அடங்கும். தனி மின்கம்பி வேண்டுவதில்லை. 2017-இல் வந்த ஆர்.எக்ஸ். 580 இவற்றைவிட வலியது. ஆனால் அதற்கு 185 வாட் வேண்டும், தனிக் கம்பியும் வேண்டும். அலுவலகங்களிலிருந்து வரும் டெல், எச்.பி. பெட்டிகளில் பவர் சப்ளை பெரும்பாலும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். வேறொன்றை எளிதில் மாட்ட இயலாது. பெட்டி ஒல்லியானதாயின் உயரம் குறைந்த அட்டையே உள்ளே நுழையும். இத்தகைய பெட்டிக்காரர் 75 வாட் எல்லையைத் தாண்ட எண்ணாதிருப்பதே விவேகம். இன்னொரு நுட்பம்: ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. ஆகியவை நான்கு தடங்கள் வழியாக மட்டுமே தரவைக் கடத்துபவை. புதிய மதர்போர்டில் இது குறையன்று. பழைய மதர்போர்டில் வேகம் இழக்கும்.

பவர் சப்ளையில் சிக்கனம் பிடிப்பவரைக் கண்டால் எனக்கு அச்சமே உண்டாகிறது. பத்தடி அறைக்குள் குடும்பமே உறங்கும் வீட்டில், தரமற்ற மின்பெட்டி புகைவது சிறு நஷ்டம் அன்று. மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் எனப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்குக: 216 வாட். கிராபிக்ஸ் அட்டையும் செயலியும் உண்பது இந்த வரிசையிலிருந்துதான். மீதி எண்ணிக்கை வெறும் அலங்காரம்.

இவையெல்லாம் கிடைக்குமிடம் லாமிங்டன் ரோடு. இன்றைய பெயர் டாக்டர் தாதாசாகேப் படகம்கர் மார்க். கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மாதுங்கா அன்பர்கள் தாதரில் மேற்கு ரயிலுக்கு மாறவேண்டும். தாராவியிலிருப்போர் மாஹிமில் ஏறினால் மாறாமலே செல்லலாம். செம்பூர்வாசிகளுக்குக் குர்லா, தாதர் என இருமுறை மாற்றம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்குமாதலால், வேறு நாளில் அரைநாள் விடுப்பெடுத்தே செல்லவேண்டியிருக்கும்.

பழைய அட்டை வாங்குவோர் ஒரு வரலாற்றை அறிதல் நன்று. ஈதேரியம் எனும் மின்காசை ஈட்ட இரவுபகலாக உழைத்த அட்டைகள், 2022 செப்டம்பரில் அம்முறை கைவிடப்பட்டதும் சந்தையில் வந்து குவிந்தன. அவை யாவும் தீயன என்று கூறவியலாது. எனினும் விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம். கடையிலேயே கால்மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றினால் பேரம் பேசாமல் எழுந்துவிடுக. அற்ப விலையுள்ள அட்டைக்குப் புதிய பெயர் சூட்டி விற்போரும் உளர், ஜி.பி.யு.-இசட் எனும் இலவச மென்பொருள் அத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். பில் இன்றி வாங்கினால் வாரண்டியும் இல்லை.

செயலியை மாற்றுவது இறுதியில் எண்ணவேண்டியது. நான்காம் தலைமுறை ஐ3 உள்ளவர், மதர்போர்டு ஏற்குமாயின் அதே தலைமுறையின் பழைய ஐ7 ஒன்றைப் பொருத்தலாம். ஏ.எம்.டி.யின் ஏஎம்4 பலகை வைத்திருப்போர் பாக்கியவான்கள். 2017-இல் வந்த முதல் ரைசன் முதல் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை அதே துளை. பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் பல பலகைகள் புதியவற்றையும் ஏற்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனாளருக்கு அளித்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைக்கே. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலே முறைப்படி ஏற்கும். லினக்ஸ் இலவசம், வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் உதவியால் பல விளையாட்டுகள் அதில் ஓடும். வேலோரண்ட் ஓடாது. ஆகையால் செலவு செய்யுமுன் பையனிடம் எந்த விளையாட்டு என்று கேளுங்கள். பந்தயம் கட்டும் விளையாட்டு என்றால் அட்டை வாங்கும் பேச்சே வேண்டாம். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இயற்றிய மத்தியச் சட்டம் தடைசெய்கிறது.

கழற்றிய பழைய வட்டைப் பழைய சாமான்காரரிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அதில் ஆதார் நகலும், வங்கித் தாள்களும், ஊர்க் கலியாணப் படங்களும் இருக்கும். வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொண்டு, வட்டு முழுவதையும் அழித்தபின், முடிந்தால் வெளிப்பெட்டி ஒன்றில் பொருத்திச் சேமிப்புக்கே வைத்துக்கொள்க.