ஆயுத வியாபாரிக்கு எதிரி இல்லை

மாத்தளையில் நம்மவர்கள் பலருக்கு வியாபாரம்தான் சீவியம். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று வாங்கி விற்கிறோம். விலை ஏறினால் சந்தோஷப்படுகிறோம். அதில் பிழையில்லை, வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான். ஆனால் பஞ்சம் வரட்டும் என்று அரிசியைப் பதுக்கி வைத்துக் காத்திருப்பவனை அதே மார்க்கம் பாவி என்கிறது. காரணம், ஊராரின் கஷ்டம்தான் அவனுடைய லாபம். ஆயுத வியாபாரத்தை விளங்கிக்கொள்ளவும் இந்த வித்தியாசம் போதும்.

ஸ்டொக்ஹோமில் இயங்கும் 'சிப்ரி' ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024இல் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவழித்த தொகை ஏறத்தாழ 2.7 டிரில்லியன் டொலர். முதல் நூறு ஆயுதக் கம்பனிகள் 2023இல் 632 பில்லியன் டொலருக்கு ஆயுதங்களும் இராணுவச் சேவைகளும் விற்றன. அடுத்த வருடம் அது 679 பில்லியனாக ஏறியது. உக்ரைனும் காஸாவும் எரிந்த வருடங்கள் அவை.

இந்தத் தொழிலின் கணக்கு வேறு மாதிரியானது. துணியோ சீனியோ விற்பவனுக்கு ஊர் அமைதியாக இருந்தால்தான் வியாபாரம். குண்டு செய்பவனுக்கோ, வெடித்துத் தீர்ந்தால்தான் அடுத்த ஓடர். ஒரு நாடு விமானம் வாங்கினால் பக்கத்து நாடும் பயந்து வாங்கும். வாங்கிய பிறகு உதிரிப்பாகம், திருத்தவேலை, பயிற்சி என்று பல வருடங்களுக்கு அதே கம்பனியிடம்தான் போகவேண்டும். விலையோ 'தேசிய பாதுகாப்பு இரகசியம்'. இரகசியம் இருக்கும் இடத்தில் தரகருக்கு நல்ல காலம்.

இது பழைய கதைதான். 1880களில் பசில் ஸஹரோஃப் என்ற ஆயுதத் தரகர், நோர்டன்ஃபெல்ட் கம்பனியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கிரேக்கத்துக்கு விற்றார். பிறகு கிரேக்கத்தைக் காட்டியே உஸ்மானியத் துருக்கிக்கு இரண்டு விற்றார். “யாரு வாங்கினா என்ன, சாமான் போனா சரி” என்று கடைத்தெருவில் சொல்வோமே, அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு திறக்கப்பட்டபோது முஸ்லிம்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1990இல் ஜனாதிபதி பிரேமதாச அதை மூடினார். அதே வருடம் வெளிவந்த நூலொன்றில், முன்னாள் மொஸாட் உளவாளி விக்டர் ஒஸ்ட்ரோவ்ஸ்கி, இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் இஸ்ரேலில் ஒரே காலத்தில் பயிற்சி கொடுக்கப்பட்டதாக எழுதினார். அது ஒருவருடைய கூற்று மட்டுமே. ஆனால் நலன் பிரிவை மூடி ஆறு வருடத்தில், 1996இல், இஸ்ரேலின் கிபிர் விமானங்கள் நம் விமானப்படைக்கு வந்து சேர்ந்தன என்பது எல்லோரும் அறிந்தது. கொள்கை மூடிய கதவை யுத்தம் திறந்துவிட்டது.

1997இல் நடந்தது இன்னும் மோசம். சிம்பாப்வேயின் அரச ஆயுத நிறுவனத்திடம் இலங்கை அரசு 81 மில்லிமீற்றர் மோட்டார் குண்டுகள் 32,400 வாங்கியது. கப்பலில் ஏறிய குண்டுகள் கொழும்புக்கு வரவில்லை. புலிகளின் கைக்குப் போயின. யாரைச் சுட வாங்கினார்களோ அவர்களே அதைத் திருப்பிச் சுட்டார்கள்.

2006இல் உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கப்பட்டன. முன்பு விமானப்படை வேண்டாமென்று ஒதுக்கிய பழைய விமானங்களையே கூடிய விலைக்கு வாங்கியதாகவும், இடையில் ஒரு மூன்றாவது கம்பனி புகுந்ததாகவும் 2007இல் 'சண்டே லீடர்' பத்திரிகை எழுதியது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

விலை கொடுத்தது யார்? நாவுல, கலேவெல பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: யுத்தத்தில் இறந்த மகனின் பெயரில் பெற்றோர் கட்டிக்கொடுத்த பஸ் தரிப்பிடங்கள். வடக்கில் தமிழ்த் தாய்மார் இன்றும் காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு வீதியில் இருக்கிறார்கள். எங்கட சமூகம் 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. அதே ஒக்டோபரில் வடக்கையே இழந்தது. அந்தத் துப்பாக்கிகளைச் செய்தவனுக்குக் காத்தான்குடி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

இதை எல்லாம் 'யஹூதி, நஸாரா சூழ்ச்சி' என்று சொல்லிக் கைகழுவ முடியாது. 2020–24 காலத்தில் உலகில் அதிகமாக ஆயுதம் இறக்குமதி செய்த ஐந்து நாடுகள் உக்ரைன், இந்தியா, கட்டார், சவூதி அரேபியா, பாகிஸ்தான். ஐந்தில் மூன்று முஸ்லிம் நாடுகள். 2018 ஆகஸ்டில் யெமனின் தஹ்யானில் பாடசாலைப் பிள்ளைகள் போன பஸ் ஒன்று குண்டுவீச்சில் சிதறி, சுமார் நாற்பது சிறுவர்கள் இறந்தார்கள். சிதறிய துண்டுகளைப் பார்த்த நிபுணர்கள் அது லொக்ஹீட் மார்ட்டின் தயாரிப்பு என்றார்கள். போட்டது சவூதி தலைமையிலான கூட்டணி. விற்றவனும் வாங்கியவனும் சேர்ந்துதான் இந்தச் சந்தை.

அப்படியானால் ஆயுதமே ஹராமா? இல்லை. தன்னையும் ஊரையும் பாதுகாக்கும் உரிமையை மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் இமாம் புகாரி தமது ஸஹீஹில், கொடுக்கல் வாங்கல் பகுதியிலேயே, பித்னா காலத்தில் ஆயுதம் விற்பது பற்றித் தனித் தலைப்பு வைத்திருக்கிறார். ஸஹாபி இம்ரான் இப்னு ஹுஸைன் அதை வெறுத்ததாக அங்கே பதிவாகியிருக்கிறது. பாவத்துக்கும் வரம்பு மீறலுக்கும் துணைபோகாதீர்கள் என்ற ஸூரா அல்மாயிதாவின் கட்டளையும் இதற்குப் பொருந்தும். “நான் விற்றேன், கொன்றது அவன்” என்று விற்றவன் தப்பிக்க நம் பிக்ஹில் இலேசில் இடமில்லை.

எங்கட கையில் ஆயுதக் கம்பனி இல்லை. வரி கட்டும் கை இருக்கிறது. யுத்தம் 2009இல் முடிந்தும், இரண்டு இலட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2030இல் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று அரசு அறிவித்தது 2023இல்தான், அதுவும் நாடு வங்குரோத்தான பிறகு. ஒவ்வொரு பட்ஜட்டிலும் பாதுகாப்புக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று பார்க்கவேண்டும். என்ன வாங்கினார்கள், யாரிடம், என்ன விலைக்கு, நடுவில் தரகர் யார் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கவேண்டும். ஒரு மூடை மிளகு வாங்கும்போதே இத்தனையும் கேட்கிற வியாபாரிகள்தானே நாம்.