பாட்டுப் பெட்டகம் – 7: மூளை எந்தப் பெட்டியில்?

குறுந்தகடுகளை ஃபிளாக் கோப்புகளாக்கி நாஸ் என்னும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் ஏற்றியாயிற்று. போன வாரக் கதை இவ்வளவுதான். இனி அந்தப் பாட்டுகளை வீடு முழுக்கக் கொண்டுசேர்க்க ஒரு சர்வர் மென்பொருள் வேண்டும். மினிடிஎல்என்ஏ, நேவிட்ரோம், ஜெல்லிஃபின், லிரியன் நான்கையும் அலசுவதாகச் சொல்லியிருந்தேன். லிரியனின் பூர்வகதை அதற்கு இடம் தரவில்லை.

2001-இல் கலிஃபோர்னியாவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பெனி ‘ஸ்லிம்பி3’ என்றொரு பெட்டியை விற்கத் தொடங்கியது. உள்ளே வட்டு கிடையாது, பாட்டுப் பட்டியலும் கிடையாது. நெட்வொர்க் வழியே வரும் எம்பி3-ஐ ஒலியாக்கத் தெரியும், அவ்வளவே. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள் என்பதுகூட அதற்குப் புரியாது. வந்த அகச்சிவப்புக் குறியை அப்படியே கணினியில் ஓடும் ஸ்லிம்சர்வருக்குத் தள்ளிவிடும். ‘இது கீழே போகும் பொத்தான்’ என்று கண்டுபிடிப்பது சர்வர். அடுத்த ஆல்பத்தின் பெயரைத் திரையில் எழுது என்ற கட்டளையும் அங்கிருந்தே திரும்பி வரும். இத்தனையும் முடிந்த பிறகும், பெட்டியே யோசித்துச் செய்ததுபோல்தான் நமக்குத் தோன்றும்!

இதன் பலன் பெரிது. மூளை சர்வரில் இருப்பதால், சர்வரைப் புதுப்பித்தாலே பழைய பெட்டிக்குப் புது வசதி கிடைத்துவிடும். 2006-இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை 2 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்லிம்பி3-இன் வழிவந்த ஸ்க்வீஸ்பாக்ஸ் பெட்டிகளின் வரிசையையே 2012-இல் நிறுத்தியது. சர்வர் திறமூல மென்பொருள் என்பதால் ஆர்வலர்கள் அதை விடவில்லை. 2024-இல் அந்தப் பெட்டிகளுக்கான லாஜிடெக்கின் இணையச் சேவையும் மூடப்பட்டது. அதே ஆண்டில் இந்த சர்வருக்கு லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயர் வந்தது. பழைய பெட்டி கையில் இல்லையா? ராஸ்பெர்ரி பையில் பைகோர்பிளேயரைப் போட்டு ஆம்ப்ளிஃபயரோடு இணையுங்கள், அதுவும் ஸ்க்வீஸ்பாக்ஸாகவே நடந்துகொள்ளும். ஹாலிலும் அடுப்படியிலும் ஒரே பாட்டைப் பிசகாமல் சேர்ந்து ஓடவிடலாம்.

மினிடிஎல்என்ஏ பின்பற்றும் டிஎல்என்ஏ வழியில் நிலைமை வேறு. கோப்பைக் கொடுப்பதோடு சர்வரின் வேலை முடிந்தது, மற்றதெல்லாம் டிவியின் அல்லது ஸ்பீக்கரின் சாமர்த்தியம். ராகம் தானம் பல்லவி மூன்று டிராக்குகளாகப் பிரிந்திருந்தால் இது காதில் உறைக்கும். அடுத்த டிராக்கை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாத கருவி, தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் ஒரு மௌனத்தைச் செருகிவிடும். கச்சேரி கேட்பவர்களால் அதைப் பொறுக்க முடியாது.

ஆகவே பாட்டு எங்கிருந்து ஒலிக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஹாலில் ஆம்ப்ளிஃபயர் என்றால் லிரியன். கைபேசியும் ஹெட்போனும் என்றால் நேவிட்ரோம்: நாஸின் நினைவகத்தை அதிகம் தின்னாது, சப்சானிக் முறையில் பேசும் செயலிகள் பலவும் அதோடு ஒத்துப்போகும். ஜெல்லிஃபின் படம் பார்ப்பவர்களுக்கு உகந்தது. பாட்டுக்காக மட்டும் அதை நிறுவ வேண்டியதில்லை.

எதைப் போட்டாலும் திரைப்படப் பாட்டுகளில் ஒரு தொல்லை வரலாம். ஐந்து பாடகர்கள் பாடிய ஒரே படம் ஐந்து ஆல்பங்களாகச் சிதறி நிற்கும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்புவதுதான் வழி. நூற்றுக்கணக்கான கோப்புகளில் அதை மொத்தமாகச் செய்வது எப்படி என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)