உப்பின் ஓட்டமும் உயிரணுவின் வளர்ச்சியும்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பர் நம் முன்னோர். உணவைக் குறித்தெழுந்த இப்பழமொழி, உடலின் உயிரணுக்களுக்கும் பொருந்துவதை அறிவியல் காட்டுகின்றது. உப்பின் கூறுகளாகிய அயனிகள் உயிரணுவுக்குள் சென்று மீளும் முறையோடு அதன் வளர்ச்சியும் பிணைந்துள்ளது. இதனைச் சிறுநீரகத்தின் வழி நோக்குவோம்.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகின்றது. எஞ்சியதை மீட்டு இரத்தத்தில் சேர்ப்பவை, நுண்குழல்களின் உட்சுவராக அமைந்த எபிதீலிய உயிரணுக்களே. அவற்றில் கிணற்று ஏற்றம் போன்று இயங்கும் ஒரு புரதம் உண்டு. ஒவ்வொரு முறையும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை அது உள்ளே கொணரும். 1957இல் இதனை வெளிப்படுத்திய டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஸ்கூ, 1997ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

உயிரணுவின் பெருக்கத்திலும் அயனிகளுக்குப் பங்குண்டு. வளர்ச்சிக் காரணிகள் தீண்டியதும் சோடியம் உட்புக, ஹைட்ரஜன் அயனி வெளியேறுகின்றது. உயிரணுவின் உட்புறம் சற்றே காரத்தன்மை பெறுகின்றது. பிரிந்து பெருகுதற்கு இது துணை செய்கின்றது.

இக்கடத்தல் பிறழ்ந்தால் நேர்வது யாது? பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோயே சான்று. பெற்றோருள் ஒருவர்க்கு அந்நோய் இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. இதற்குரிய முதன்மையான இரு மரபணுக்கள் 1994இலும் 1996இலும் இனங்காணப்பட்டன. அவை பழுதுற்றால் உயிரணுவினுள் கால்சியத்தின் ஒழுங்கு குலைகின்றது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் மிகுகின்றது. அதனால் குளோரைடு அயனி குழலுக்குள் தள்ளப்படுகின்றது. சோடியமும் நீரும் அதனைப் பின்தொடர்கின்றன. நீரை மீட்க வேண்டிய உயிரணு, நீரைச் சொரியத் தொடங்குகின்றது. கட்டி நிறைந்து பருக்கின்றது.

ஈண்டு தமிழ் பயில்வோர் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஒரு சொல் இடம் நோக்கிப் பொருள் வேறுபடுதலை நாம் அறிவோம். அத்தூதுப்பொருளும் அத்தகையதே. நலமுற்ற உயிரணுவில் அது ‘பெருகாதே’ எனப் பொருள்படும். கால்சியம் குறைந்த உயிரணுவிலோ ‘பெருகுக’ எனப் பொருள்படும். ஆய்வகத்தில் கால்சியத்தை மீட்டளித்தபோது பழைய பொருளே திரும்பியது.

வாசோபிரஸ்ஸின் என்னும் இயக்குநீர் அத்தூதை மிகுவிக்கின்றது. அதன் செயலைத் தடுக்கும் டோல்வாப்டான் என்னும் மருந்து, 2018இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அது நோயின் விரைவைத் தணிக்குமேயன்றி, நோயை நீக்காது. கல்லீரலைக் கண்காணித்தே அதனைத் தருதல் வேண்டும்.

இந்நோய் பல்லாண்டுகள் அறிகுறியின்றி மறைந்திருக்கும். திருமணப் பேச்சுக்கு அஞ்சிக் குடும்ப நோயை மறைப்பது, அறியாத பிள்ளைகளுக்கே கேடாய் முடியும். சிறுநீரகம் ஈய முன்வரும் உடன்பிறந்தார்க்கும் இந்நோய் இல்லையென முதலில் உறுதி செய்தல் வேண்டும். மருத்துவரை நாடிச் சோதனை செய்து கொள்வதும், இரத்த அழுத்தத்தைக் காப்பதும், உணவில் உப்பைக் குறைப்பதும் நம் கையில் உள்ளவை. பெரியோர் வாய் திறந்து உரைப்பின், இளையோர் காலத்தே காக்கப்படுவர்.