கொழும்பிலிருந்து வந்த தமிழும் முதல் இசைத்தட்டும்

ஊரை விட்டு வந்த தமிழர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் 'சிலோன் ரேடியோ'வில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனிருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். "எல்லாப் பாட்டும் கைபேசியிலேயே இருக்கிறதே, இதில் என்ன பெரிசு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு வானொலி ஒரு நல்ல பொழுதுபோக்கு. பம்பாயில் வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கோ, அம்மாவின் பேச்சுக்கு அடுத்தபடியாகத் தமிழ் கற்றுக்கொடுத்தது அதுதான். அந்தக் கதையைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்வது நல்லது.

தீவிலிருந்து வந்த பாட்டு

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தில் பற்று மிகுந்தவர். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது இலங்கை வானொலி. 1950-லேயே அங்கு வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய ஆற்றல்மிக்க அஞ்சல் கருவிகள் அதன் வசம் இருந்தன. அதனால் இந்தியா முழுவதும் கேட்டது.

பம்பாயையே ஆட்டிவைத்த 'பினாகா கீத்மாலா' 1952-ல் தொடங்கியது. 2024-ல் மறைந்த அமீன் சயானி அதைப் பம்பாயில்தான் பதிவு செய்தார். ஒலிநாடா விமானமேறிக் கொழும்பு போய், அங்கிருந்து சிற்றலையில் திரும்பவும் பம்பாய் வந்து சேரும்! 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி பிறந்தபோது, பாட்டு கேட்க நம் மக்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பிப் பழகியிருந்தார்கள்.

நாங்கள் சயானில் ஒரு சாலில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பரேலில் மில் வேலை. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு மாடி முழுவதும் கீத்மாலா ஒலிக்கும். மற்ற நேரங்களில் எங்கள் வீட்டு வானொலி மட்டும் தமிழைத் தேடும். மராட்டியக் குடும்பங்கள் கேட்ட இந்திப் பாட்டும், நாங்கள் கேட்ட தமிழ்ப் பாட்டும் ஒரே தீவிலிருந்து வந்தவை என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

சிற்றலையில் தமிழைப் பிடிப்பது எளிதல்ல. அந்த அலைகள் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருபவை. பொழுதும் பருவமும் மாறினால் அந்த அடுக்கும் மாறும். ஆகவே ஒரு பாட்டின் பல்லவி கணீரென்று கேட்கும். சரணத்தில் கடல் இரைச்சல் வந்துவிடும். அப்பா முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். அப்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. வானொலி வைத்திருக்க அந்நாளில் உரிமமும் வேண்டும். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது.

காதால் படித்த தமிழ்

பம்பாயில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ஆனால் பிற்காலத்தில் வேலைக்கு உதவும் என்று என்னையும் அக்காவையும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டார்கள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, மாடியில் மராட்டி. தமிழ் வீட்டுக்குள் மட்டும். அதுவும் சோறு, குழம்பு, 'படிச்சியா', 'தூங்கு' என்ற அளவில்தான்.

'அறிவிப்பாளர்', 'நேயர்', 'ஒலிபரப்பு', 'வர்த்தக சேவை' என்ற சொற்களெல்லாம் இலங்கை வானொலி வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை நேரில் பார்த்துப் பழகியவர்களின் குரல்போல நாங்கள் அறிவோம். ழகரமும் ளகரமும் லகரமும் அவர்கள் வாயில் தனித்தனியாக விழும். என் அக்கா 'வாழைப்பழம்' என்ற சொல்லைத் திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டது அவர்களைப் பார்த்து, அதாவது கேட்டுத்தான். 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடி பள்ளிக்குக் கிளம்புவோம். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் எழுத்து கொடுத்தவுடன் பாட வேண்டும். அதை வீட்டிலும் விளையாடுவோம். தமிழ் எழுத்தே எழுதத் தெரியாத நாங்கள், ஒரு சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதை அந்த விளையாட்டில்தான் அறிந்தோம்.

செய்திக்கு மட்டும் முள் வேறு பக்கம் போகும். அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி தில்லியிலிருந்து வரும். 2022-ல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் கம்பீரக் குரலை மறக்க முடியுமா? தமிழ்ப் பாட்டு கொழும்பிலிருந்தும் தமிழ்ச் செய்தி தில்லியிலிருந்தும் வந்ததால், தமிழ் என்றால் எங்கிருந்தோ வருவது என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். 1983 ஜூலைக்குப் பிறகு அந்தத் தீவைப் பற்றிய செய்திகளைக் கேட்கும்போது எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பாட்டால் பழகிய மக்கள் அல்லவா?

மூன்று முறை அலைந்து வாங்கியது

வானொலியில் ஒரு குறை உண்டு. பிடித்த பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் அலை ஒத்துழைக்க வேண்டும். 1976-ல் 'அன்னக்கிளி' வெளியானது. இளையராஜாவின் முதல் படம். அதன் பாடல்களைக் கொழும்பு திரும்பத் திரும்ப ஒலிபரப்பியும் முழுசாக ஒரு பாட்டையும் கேட்க முடியாமல் அக்கா தவித்தாள். இருவரும் காசு சேர்த்தோம். டிபன் காசு, ஊரிலிருந்து வந்த ஆச்சி கையில் வைத்துவிட்டுப் போன காசு எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போயிற்று.

அந்தக் காலத்து இசைத்தட்டுகள் மூன்று வகை. பழையது நிமிடத்துக்கு 78 சுற்று. அரக்கு கலந்து செய்தது. கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுதான். 1960-களின் பிற்பகுதி வரை நம் நாட்டில் அவை விற்றன. அடுத்தது ஏழு அங்குல 45 சுற்றுத் தட்டு. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. பெரியது பன்னிரண்டு அங்குல எல்.பி. நாய்ப் படம் போட்ட தட்டுகள் பெரும்பாலும் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சானவை. மதராசில் பாடிய பாட்டு கல்கத்தாவில் தட்டாகிப் பம்பாய்க் கடைக்கு வர வேண்டும்!

மாட்டுங்காவில் ஒரு சிறிய கடையில் கேட்டோம். முதல் முறை, "தமிழ் ரெக்கார்ட் தீர்ந்துவிட்டது" என்றார் கடைக்காரர். இரண்டாம் முறை, "அடுத்த வாரம்" என்றார். மூன்றாம் முறை உறையோடு எடுத்து மேஜையில் வைத்தார். எங்களிடம் பிளேயரே கிடையாது என்று அவருக்குத் தெரியாது!

பிளேயர் இருந்தது எங்கள் மாடியின் கடைசி வீட்டில், ஒரு மராட்டிக் காகூவிடம். அவர் சற்றும் யோசிக்காமல் முள்ளை வைத்தார். இரைச்சலே இல்லாமல், முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை ஒரு தமிழ்ப் பாட்டை அன்றுதான் கேட்டேன். கதவு திறந்திருந்ததால் மாடியே கேட்டது. காகூ சும்மா இருக்கவில்லை, "பொருள் என்ன?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவை அழைத்தோம்.

அந்தப் படத்தில் நெல் குத்தும் பாட்டு ஒன்று உண்டு. சம்பா என்றால் என்ன, உரல் எப்படி இருக்கும், இரண்டு பேர் உலக்கை மாற்றிக் குத்தும்போது கை எப்படி இடிபடாமல் இருக்கும் என்று அம்மா தமக்குத் தெரிந்த இந்தியில், கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். ரேஷன் அரிசியை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, அம்மா நெல் குத்தியவர் என்பதே அன்றுதான் தெரிந்தது. தம் ஊரைப் பற்றி அம்மா அவ்வளவு நேரம் பேசியதும் அன்றுதான்.

அடுத்த விடுமுறைக்குச் சித்தப்பா ஊரிலிருந்து பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். தட்டு சுழல, வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவோம். கேட்ட ஒலிக்கு இதுதான் எழுத்து என்று இப்படியே பழகியது. தமிழ் படிக்கத் தனியாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்று இந்தக் கட்டுரையை எழுத முடிவதற்கு அந்த ஏழு அங்குலத் தட்டுக்கும் பங்கு உண்டு.

இனி என்ன செய்யலாம்?

1980-களில் ஒலிநாடா வந்தது. இசைத்தட்டு பரணுக்குப் போயிற்று. பிறகு குறுந்தகடு, பிறகு கைபேசி. காலா கோடாவில் தலைமுறைகளாகத் தட்டு விற்ற ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடப்பட்டது. காலம் மாறியதற்காக வருந்திப் பயனில்லை. நாங்கள் மூன்று முறை அலைந்த பாட்டு இன்று பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் கிடைக்கிறது. அது நல்லதே.

ஆனால் பாட்டு இப்போது காதுக்குள் நேராகப் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. கேட்காததால் "பொருள் என்ன?" என்று கேட்க ஆளில்லை. பாட்டியிடம் பதில் இருக்கிறது. கேள்விதான் அவரிடம் வந்து சேர்வதில்லை. வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழில் இழப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி பழைய பாட்டு நாலு வையுங்கள். அதில் ஒரு சொல்லுக்காவது பெரியவர்கள் பொருள் சொல்லட்டும். முடிந்தால் அந்த வரிகளைத் தமிழில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

பரணில் தட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும். புத்தகம்போல நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மென்மையான உலர்ந்த துணியால், கோடு போகும் வாக்கில் வட்டமாகத் துடையுங்கள். உறையின் மூலையில் யாரோ எழுதிய பெயரும் தேதியும் இருக்கலாம். அது யார், எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.