எல்லோரும் எழுதிய ஏடு

1999-ல் வந்த நோக்கியா 7110-ன் திரை 96 புள்ளி அகலம், 65 புள்ளி உயரம், கறுப்பு வெள்ளை. சுமார் 1,400 பைட்டைத் தாண்டிய பக்கத்தை அதனால் திறக்க முடியாது. வேறு நிறுவனத்தின் போனுக்கு வேறு திரை, வேறு வரம்பு. ஒன்றில் ஒழுங்காகத் தெரியும் பக்கம் இன்னொன்றில் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். அன்று கைப்பேசிக்காக இணையதளம் செய்தவர்களுக்கு முதல் கேள்வியே, வந்திருப்பது எந்தப் போன் என்பதுதான்.

தளத்துக்கு வரும் போன் தன்னை ஒரு வரியில் அறிமுகம் செய்துகொள்ளும். அதை யூசர் ஏஜென்ட் என்பார்கள். அதில் போனின் பெயர் இருக்கும், குணம் இருக்காது. பெயரைப் பார்த்துக் குணத்தைச் சொல்ல ஓர் ஏடு தேவைப்பட்டது.

2000-களின் தொடக்கத்தில் லூக்கா பஸ்ஸானி, ஆண்ட்ரியா ட்ரஸாட்டி என்ற இருவர் தொடங்கிய வர்ஃபிள் அந்த ஏடாக அமைந்தது. அதன் அமைப்பு எனக்கு இன்றும் வியப்புதான். ஒவ்வொரு போனுக்கும் ஒரு தாய்ப் போன் உண்டு. தாயிடமிருந்து வேறுபடும் குணங்களை மட்டும் எழுதினால் போதும். மற்றவை பரம்பரையாக இறங்கிவரும். தாய்க்கும் ஒரு தாய், அதற்கும் ஒன்று என்று போய்க் கடைசியில் ‘பொதுப் போன்’ என்ற ஒரே வேரில் முடியும். முன்பின் தெரியாத போன் வந்தாலும் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடும். அதை நிரப்பியவர்களோ பல நாட்டு நிரலாளர்கள். தங்கள் கையில் இருந்த போனைச் சோதித்து, கண்டதை எழுதி அனுப்பினார்கள். ஒருவர் பட்ட சிரமம் அடுத்தவருக்கு மிச்சமானது.

2011-ல் பஸ்ஸானி உள்ளிட்டோர் சயின்ஷியாமொபைல் என்ற நிறுவனத்தைத் தொடங்க, வர்ஃபிளின் உரிமம் மாறியது. நிரல், ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்திலோ கட்டணத்துக்கோ கிடைத்தது. தரவைத் தனியே எடுத்து வேறிடத்தில் பயன்படுத்தத் தடை வந்தது. பழைய பதிப்பின் தரவை வைத்து ஓப்பன்டிடிஆர் என்ற மாற்று ஏட்டைச் சிலர் உருவாக்கினார்கள். 2012 ஜனவரியில் அதன்மேல் பதிப்புரிமைப் புகார் பாய்ந்தது. அந்தத் தரவு முன்பே கட்டற்ற உரிமத்தில் வெளிவந்ததுதானே என்பது ஓப்பன்டிடிஆர் தரப்பின் வாதம். அதே ஆண்டு, புதிய உரிமம் ஒத்துவராததால், இணையதளம் செய்ய உதவும் நிரல் தொகுப்பான ஸெண்ட் ஃபிரேம்வொர்க் வர்ஃபிளைக் கைவிட்டது.

நாள்தோறும் புதுப் போன் வரும் உலகில் ஏட்டைப் புதுப்பிப்பது முழுநேர வேலை. அதற்குக் கூலி கேட்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்கூடி வெட்டிய குளத்துக்கு ஒருநாள் வேலி வந்தால், மண் சுமந்தவர்களுக்கு வலிக்கத்தானே செய்யும்?

ஓப்பன்டிடிஆர் தரவோடு, கட்டற்ற மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அமைப்பு டிவைஸ்மேப் திட்டத்தைத் தொடங்கியது. பெயரும் இடமும் இருந்தன. புதுப்பிக்கக் கைகள் போதவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் மூடப்பட்டது. நிரல் எழுதி வைத்தால் பல காலம் ஓடும். தரவு அப்படியல்ல, காய்கறி போல, தினமும் வாடும். கட்டண ஏடுகள் உண்மையில் விற்பது இன்றைய காலையின் பட்டியலைத்தான்.

தேவையும் இடம் மாறிவிட்டது. 2010-ல் ஈத்தன் மார்காட் முன்வைத்த ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு வந்தபின் பக்கம் திரைக்கேற்பத் தானே வளைகிறது. சாதனத்தை அறியும் கருவிகளை இன்று அதிகம் நாடுவது விளம்பரம், வீடியோ, மோசடித் தடுப்பு, வருகைக் கணக்கு ஆகிய துறைகள். போனின் அறிமுக வரியும் சுருங்கிவிட்டது. ஆளைப் பின்தொடர அது உதவுகிறது என்பதால், 2023 முதல் குரோம் உலாவியில் எல்லா ஆண்ட்ராய்டு போனும் ‘ஆண்ட்ராய்டு 10; கே’ என்றே சொல்கிறது. ஐபோன் என்றைக்குமே தன் மாடலைச் சொன்னதில்லை. 2019 முதல் ஐபேட் தன்னை மேக் கணினி என்கிறது.

குரோமிடம் மாடலைத் தனியாகக் கேட்கலாம். ‘எஸ்எம்-ஜி991பி’ என்பதுபோல் ஒரு குறியீடு வரும். அது சாம்சங் கேலக்ஸி எஸ்21 என்று சொல்ல இப்போதும் ஓர் ஏடு வேண்டும். தளங்களின் வருகையைக் கணக்கிடும் மட்டோமோ அமைப்பு நடத்தும் டிவைஸ் டிடெக்டர் அப்படிப்பட்ட ஏடு. திரை அகலம் போன்ற குணங்களைத் தராவிட்டாலும் நிறுவனம், மாடல், உலாவி எல்லாம் சொல்லும். நிரலும் பட்டியலும் திறந்தே கிடக்கின்றன. கையிலுள்ள போன் அதில் இல்லையென்றால், ஒரு வரி எழுதி அனுப்பலாம்.