ஓணத்துக்கு கலர் டிரஸ் ஓகே... 'சென்ட் ஆஃப்' மட்டும் ஏன் கேட்டுக்கு வெளியே? கேரளப் பள்ளிகளில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் படித்த உங்களுக்கு காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. பக்கத்து கேரளாவில் முதல் இரண்டு தேர்வுகளுக்கும் பண்டிகைகளின் பெயர்தான்: ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை. பரீட்சை முடிந்த கையோடு பள்ளியிலேயே கொண்டாட்டம், அப்புறம் ஏறக்குறைய பத்து நாள் லீவு. பூக்களமும் வடம்வலியும் ஓண சத்யாவும் அங்கே பள்ளி வாழ்க்கையின் பகுதி. நாம 'அரையாண்டு லீவு' என்று சொல்வதை அவங்க 'கிறிஸ்துமஸ் லீவு' என்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கொண்டாட்டம் இருக்கு. அது காலண்டரில் இருக்காது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்கிற பிள்ளைகள் ஆண்டுக் கடைசியில் நடத்தும் 'சென்ட் ஆஃப்'. நம்ம ஊர் ஃபேர்வெல்தான். டிரஸ் கோடு, புடவை, டான்ஸ், போட்டோ, ரீல்ஸ் எல்லாம் சேர்ந்ததில் இப்போது அது அமெரிக்கப் படங்களில் வரும் 'ப்ராம்' இரவுக்குத் தூரத்துச் சொந்தம் ஆகிவிட்டது.

2025இல் கேரள அரசு பண்டிகையையும் சென்ட் ஆஃபையும் எதிரெதிராக நடத்தியது. ஆகஸ்டில் பொதுக்கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, ஓணம், கிறிஸ்துமஸ், ரம்ஜான் கொண்டாட்ட நாட்களில் மாணவர்கள் யூனிஃபார்ம் போட வேண்டியதில்லை என்று அறிவித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, மார்ச் 26ஆம் தேதி எஸ்எஸ்எல்சி தேர்வு முடிந்த நாளில் நிலைமையே வேறு. வளாகத்தில் கொண்டாட்டம் வேண்டாம், தேர்வு முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகணும், பெற்றோர் வந்து அழைத்துப் போங்கள் என்று சொல்லப்பட்டது. போலீசும் உஷார்.

ஒரே பள்ளி, ஒரே பிள்ளைகள். பண்டிகைக்குக் கதவு திறக்குது, பிரிவுக்கு மூடுது. ஏன்?

மார்ச்சில் ஏன் அவ்வளவு பயம்?

காரணம் நிஜமானது. 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில் ஒரு டியூஷன் சென்டரின் சென்ட் ஆஃப் நடந்தது. ஒரு பள்ளியின் மாணவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது பாட்டு நின்றுவிட்டது. இன்னொரு பள்ளி மாணவர்கள் கூவினார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். சில நாட்களில் அது அடிதடியானது. அதில் காயமடைந்த பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் மார்ச் 1ஆம் தேதி இறந்துபோனார். பிடிபட்டவர்களும் அதே வயதுப் பிள்ளைகள்.

அதே பிப்ரவரியில் காசர்கோட்டில் பத்தாம் வகுப்பு சென்ட் ஆஃப் ஒன்றில் மாணவர்களிடம் கஞ்சா சிக்கியது. கேரளாவுக்கு வெளியே, குஜராத்தின் சூரத்தில், பிளஸ் டூ மாணவர்கள் 30க்கும் மேற்பட்ட சொகுசு கார்களில் ஊர்வலமாக ஃபேர்வெல்லுக்குப் போன வீடியோ வைரலாகி, வழக்கும் பதிவானது. இதையெல்லாம் வரிசையாகப் பார்க்கும் ஒரு தலைமை ஆசிரியர் 'எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் போங்க' என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனா ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பயத்தின் மையமான தாமரசேரி நிகழ்ச்சி பள்ளிக்குள் நடந்ததே இல்லை. டியூஷன் சென்டர் நடத்தியது. சூரத்தில் கார்கள் ஓடியது பொதுச் சாலையில். பள்ளி வளாகத்தை மூடுவதால் இந்த இரண்டில் எதுவும் நின்றிருக்காது.

கும்பளங்கியில் டிசம்பர் எப்படி இருக்கும்?

'கும்பளங்கி நைட்ஸ்' (2019) பார்த்தவர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த தீவு கிராமம். சீன வலை, பொக்காளி வயல், இறால், இரவில் தண்ணீரில் மின்னும் 'கவரு'. கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. அதனால் டிசம்பரில் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். லீவு விட்ட பிள்ளைகளுக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஃபோர்ட் கொச்சியில் கொச்சின் கார்னிவல். 1984இல் தொடங்கியது. டிசம்பர் 31 நள்ளிரவில் கோட்டு சூட்டு போட்ட கிழவன் பொம்மையான 'பாப்பாஞ்ஞி'யை எரித்துப் பழைய வருஷத்தை அனுப்பி வைப்பார்கள். மறுநாள் ஊர்வலம்.

இதில் கூட்டம் கொஞ்சமாகவா இருக்கு? சென்ட் ஆஃபில் இருப்பதைவிடப் பல மடங்கு. சத்தமும் அப்படித்தான். ஆனாலும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அங்கே போவதை வீட்டில் யாரும் பெரிய ஆபத்தாக நினைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் அம்மா இருக்காங்க, பக்கத்து வீட்டுச் சேட்டன் இருக்கார், சர்ச் ஆட்கள், கிளப் ஆட்கள், போலீஸ் எல்லாரும் இருக்காங்க. ஓணமும் அப்படித்தான். பள்ளியில் பூக்களம் போடும்போது டீச்சரும் கூட உட்கார்ந்து பூ கிள்ளுவார்.

சென்ட் ஆஃபில் மட்டும்தான் ஒரே வயதுப் பிள்ளைகள் தனியாக விடப்படுகிறார்கள். என் பார்வையில் சிக்கல் டான்ஸிலோ டிரஸ்ஸிலோ இல்லை, இங்கேதான் இருக்கு.

இன்னொரு பக்கமும் உண்டு. பொதுக் கொண்டாட்டம் பள்ளியிலிருந்து போய்விட்டால் யார் யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதைத் தனித்தனி ஆட்கள் முடிவு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். 2025 ஓணத்தின்போது திருச்சூர் மாவட்டத்தில் தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர், முஸ்லிம் பிள்ளைகள் ஓணம் கொண்டாட வேண்டாம் என்று பெற்றோருக்கு ஆடியோ அனுப்பியது பெரிய சர்ச்சையாகி, போலீஸ் வழக்கு வரை போனது. பண்டிகையைப் பள்ளிக்குள், எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள அரசு ஏன் இவ்வளவு மெனக்கெடுது என்பது இதைப் பார்த்தால் புரியும். அதே தர்க்கம் சென்ட் ஆஃபுக்கும் பொருந்தும்தானே?

அமெரிக்காவில் பள்ளி கைவிட்டபோது...

'ப்ராம்' என்பது 'ப்ராமனேட்' என்ற சொல்லின் சுருக்கம். விருந்தினர்கள் ஜோடியாக நடந்து வருவதைக் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்லூரிகளில் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது. நடத்துவது பொதுவாகப் பள்ளியே. கூடவே நின்று கவனிக்க ஆசிரியர்களும் பெற்றோரும் இருப்பார்கள். செலவு, டிரஸ் போட்டி, ஜோடி கிடைக்காத பிள்ளையின் அவமானம் எல்லாம் அதிலும் உண்டு. அதை இங்கே அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை.

ஆனா பள்ளி கையைக் கழுவினால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே ஒரு பாடம் இருக்கு. மிசிசிப்பி மாநிலம் சார்ல்ஸ்டனில் கருப்பின, வெள்ளையின மாணவர்கள் ஒரே பள்ளியில் படிக்க ஆரம்பித்த பிறகும் ப்ராம் மட்டும் இரண்டாகவே நடந்தது. நடத்தியது பள்ளி இல்லை, பெற்றோர்கள். அந்தப் பகுதியைச் சேர்ந்த நடிகர் மார்கன் ஃப்ரீமேன், எல்லாருக்கும் ஒரே ப்ராம் வைத்தால் செலவை நானே ஏற்கிறேன் என்று 1997இல் சொன்னார். ஏற்றுக்கொள்ளப்பட்டது 2008இல்தான். அதே மாநிலத்தில் 2010இல் ஒரு மாணவி தன் தோழியைத் துணையாக அழைத்து வர அனுமதி கேட்டார். கல்வி நிர்வாகம் ப்ராமையே ரத்து செய்தது. கொண்டாட்டம் நின்றதா? இல்லை. பெரும்பாலான மாணவர்கள் பெற்றோர் ஏற்பாடு செய்த தனி ப்ராமுக்குப் போனார்கள். அந்த மாணவி அனுப்பப்பட்ட இடத்தில் ஒரு சிலர்தான் இருந்தார்கள்.

கேரளாவில் இனி சாதி பார்த்து சென்ட் ஆஃப் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனா தனியார் ஆடிட்டோரியம், டிஜே, வாடகை வண்டி என்று போனால் பணம் கட்ட முடியாத பிள்ளை தானாகவே வெளியே நிற்கும். மீன்பிடி, இறால், தினக்கூலியை நம்பி இருக்கும் கும்பளங்கி மாதிரி ஊரில் அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. பள்ளி ஹாலில் சமோசாவும் ஜூஸும் வைத்தால் அந்தப் பிரச்சினையே கிடையாது. (கலர் டிரஸ் அனுமதிக்கும் இந்தக் கேள்வி உண்டு. புது டிரஸ் இல்லாத பிள்ளை ஓணத்தன்று என்ன செய்யும்? யூனிஃபார்ம் கட்டாயமில்லை என்றுதான் அறிவிப்பு; போடக்கூடாது என்று இல்லை. அந்த வித்தியாசத்தைப் பள்ளிகள் எடுத்துச் சொன்னால் நல்லது.)

பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்?

தேர்வு முடிந்த சந்தோஷம் என்று மட்டும் நினைக்காதீங்க. 2025இல் கேரளாவில் எஸ்எஸ்எல்சி எழுதிய சுமார் 4.27 லட்சம் பேரில் 99.5% பேர் தேர்ச்சி. ஆக, பாஸ் ஆவோமா என்ற பயம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. உண்மையான மாற்றம் அடுத்தது. பிளஸ் ஒன் சீட் 'ஏகஜாலகம்' எனப்படும் ஒற்றைச் சாளர முறையில், மதிப்பெண்ணையும் விருப்பப் பட்டியலையும் வைத்து ஆன்லைனில் ஒதுக்கப்படுது. பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஜூனில் வேறு வேறு பள்ளிகளில் இருப்பார்கள். அதற்கு ஒரு விடை சொல்லும் நாள் வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

உங்களிடம் பைக் கேட்டால்?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் உங்களிடம் ஊரில் இருக்கும் தம்பியோ கசினோ ஃபேர்வெல்லுக்கு பைக்கோ காரோ கேட்கலாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு இதற்குத்தான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம். 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். 'ஒரு பீர்தானே' என்று வாங்கிக் கொடுத்தால் அது சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு: ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வண்டி ஓட்டிய தம்பிக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.