இருண்ட திரைக்கு ஒரு துபாஷி!

ஆம்பூரில் ஒரு வீடு. தந்தைக்கு ஷூ தொழிற்சாலையில் வேலை. மகளின் படிப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கித் தருகிறார். மகள் அதில் 'லினக்ஸ்' இயங்குதளத்தைப் போடுகிறாள். பொத்தானை அமுக்குகிறாள். விசிறி சுழலுகிறது. ஆனால் திரை? கன்னங்கரேல் என்று இருக்கிறது!

"ஐயோ! அப்பா காசெல்லாம் போச்சே!" என்று தாய் பதறுகிறாள்.

பதற வேண்டாம், தாயே! இப்படிப் பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் கம்ப்யூட்டர் கெட்டிருக்காது. துபாஷி இல்லாததுதான் கோளாறு.

யார் அந்தத் துபாஷி?

வெளிநாட்டு வியாபாரி ஆம்பூருக்கு வந்து ஷூ கேட்கிறார். அவர் பாஷை தொழிலாளிக்குத் தெரியாது. இரண்டு பாஷையும் அறிந்த ஒருவர் நடுவில் இருந்தால்தான் வேலை நடக்கும் அல்லவா?

கம்ப்யூட்டரிலும் அப்படியே. கட்டளை இடுவது இயங்குதளம். திரையில் படம் தீட்டுவது 'கிராபிக்ஸ் சிப்'. நடுவில் நின்று பேசும் மென்பொருளுக்கு 'டிரைவர்' என்று பெயர். பஸ் ஓட்டும் டிரைவர் அல்ல!

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸ், 'பாஸ்' லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. சிப் ஒன்றுதான். ஆனாலும் டிரைவர் தனித்தனியே வேண்டும். விண்டோஸ் டிரைவர் லினக்சுக்கு உதவாது.

கம்பெனி ரகசியம்

சிப்புடன் பேசும் முறையைச் சில கம்பெனிகள் ரகசியமாக வைத்திருந்தன. 'என்விடியா' சிப்புக்கு லினக்ஸ் ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிப்பின் போக்கைக் கவனித்துக் கவனித்து, 'நூவோ' என்ற டிரைவரைத் தாங்களே எழுதினார்கள்! 'ஏ.எம்.டி.' 2007-ல் தன் சிப்களின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா 2022 மே மாதத்தில் தன் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்து காட்டியது.

வழி என்ன?

முதலில் 'கேப்ஸ் லாக்' பொத்தானை அமுக்குங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், இயந்திரம் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

லினக்சில் 'நோமோட்செட்' என்றும், விண்டோசில் 'சேஃப் மோட்' என்றும் அவசர வழி உண்டு. விவரம் அறிந்த மாணவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும். திரை சாதாரணமாகத் தெரியும். பிறகு சிப்புக்கு ஏற்ற டிரைவரைப் போட வேண்டும்.

ஆகவே, திரை இருண்டதும் பழைய சாமான் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். துபாஷி வந்தால் திரையில் வெளிச்சம் வரும். தாயின் முகத்திலும்தான்!